ஓரத்தில் ஒரு 'நா'

ரீடிங் நோட்டின் இடது ஓரத்தில்
பென்சிலால் 'நா' என்று போட்டுவைப்பது
எங்கள் செக்‌ஷனில் வழக்கம்.
எனக்கு முன்னால் வில்லாபுரம் பார்த்த பரமன்
ஆடுசதையில் ஒரு கடி வாங்கி
பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு வந்து
தொடங்கிவைத்தது.
அடுத்துப் போகிறவர்
கேட்டைத் தட்டிவிட்டு நிற்க வேண்டும்,
அவ்வளவுதான் அர்த்தம்.

தொண்ணூற்றெட்டில் நான் சேர்ந்தபோது
நோட்டுக்கு நாலு 'நா', மிஞ்சினால் ஐந்து.
அதில் ஒன்று வெள்ளைப் பொமரேனியன்;
கடிக்காது, ஆனால் நிறுத்தாது.
இரண்டாயிரத்துப் பத்தில் பக்கத்துக்கு ஒன்று.
கொரோனாவில் யாரும் போகவில்லை,
போன தடவைக் கணக்கையே போட்டு அனுப்பினோம்.
திரும்பப் போன அன்று
கைத்தறி நகர் இரண்டாவது தெருவில்
முகக்கவசத்தோடு நான் நிற்க
பதினோரு கேட்டுக்குப் பின்னாலிருந்து
பதினோரு குட்டிக் குரல்.
பென்சில் மழுங்கிப்போனது.

இப்போது ப்ரூனோ, கோகோ, மிலோ.
ஒவ்வொன்றுக்கும் ஊசி அட்டை இருக்கிறது,
எங்கள் வெள்ளை அட்டை மாதிரியே:
தேதி, கையெழுத்து, அடுத்த தேதி.
ஒரு அம்மா அவசரத்தில்
அதை எடுத்து என்னிடம் நீட்டிவிட்டார்.
வயது மூன்று, எடை முப்பத்திரண்டு கிலோ.
வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

போன மாசம் ஒரு கல்லூரிப் பெண்
படிவத்தோடு ஆபீசுக்கு வந்தாள்.
வீடு வீடாகப் போகிறவர் நீங்கள்தானே,
நாய் வளர்ப்பது கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா?
ஒரு டிக் போதும் என்றாள்.
கூடியிருக்கிறது என்று போட்டேன்.
போட்ட பிறகுதான்
செவலை ஞாபகம் வந்தது.

காலையில் பதினாலாம் நம்பரில் வறுக்கி,
மத்தியானம் இருபதில் மீன் முள்,
ராத்திரி இஸ்திரி வண்டிக்கு அடியில் தூக்கம்.
ஒரு வாசலில் அது ரோசி,
ஒரு வாசலில் மணி,
டெய்லர் வாசலில் வெறும் 'ஏய்'.
எல்லாவற்றுக்கும் அதே வால்தான்.
கார்த்திகை மழையில் ஐந்து குட்டி போட்டபோது
ஆறு வீட்டிலிருந்து சாக்கு வந்தது.
அதற்கு நான் எங்கேயும் 'நா' போட்டதில்லை.
எந்த இணைப்பு எண்ணில் போடுவது?

படிவத்தை வாங்கித் திருத்தலாம் என்று
வெளியே வந்தேன்.
அவள் அதற்குள் பஸ் ஏறிவிட்டாள்.

துளசிராம் அண்ணன் வீடு
இரண்டு மாசத்துக்கு முந்நூற்றுப் பத்தைத் தாண்டாத வீடு.
பையன் மெல்போர்னில்.
இந்தச் சித்திரையில் எண்ணூற்று எழுபது.
'மீட்டர் ஓடுதா, பறக்குதாம்மா?' என்றார்.
முன்னறைக்குள் எட்டிப் பார்த்தேன்:
ஏசிக்கு நேர் கீழே
பையன் படித்த மேசைக்கு அடியில்
நாலு காலையும் நீட்டி
நீலக் கண் ஹஸ்கி ஒன்று.
பனியில் வண்டி இழுக்கிற சாதியாம்.
வெளியே நூற்றுநாலு டிகிரி,
என் செருப்பு தாரில் ஒட்டுகிறது.
'அவன்தான் வாங்கிக் கொடுத்துட்டுப் போனான்,
பேச்சுத்துணைக்கு.'
பேசுமா என்று நான் கேட்கவில்லை.
மீட்டர் சரியாகத்தான் ஓடுது அண்ணே.
குளிர் போகிறதென்று
சொல்லும்போதே கதவைச் சாத்தினார்.

கதவுக்கும் தரைக்கும் நடுவே
ஒரு விரல் சந்து.
காற்று கசிகிற அந்த இடத்தில்
மூக்கைக் கொடுத்துப் படுத்திருந்தது
காது கிழிந்த ஒரு செவலை.
பழைய செவலையின் வம்சமாக இருக்கலாம்,
இல்லாமலும் இருக்கலாம்.
இரும்புக் கேட்டு ஒருச்சாய்த்தே இருந்தது.
யாரோ ஒரு ஈரச் சாக்கும் போட்டிருந்தார்கள்.

எண்ணூற்று எழுபதில்
எத்தனை யூனிட் இதற்கு என்று பிரித்துப் போட
இப்போது கையில் கொடுத்திருக்கிற மெஷினில்
பட்டன் இல்லை.
ஓரமும் இல்லை.