பன்னிரண்டாவது கயிறு

குறிகட்டுவான் இறங்குதுறையில்
கொப்பியைத் திறந்து ஒருதரம் சரிபார்த்தேன்.
பெரிய படங்கு ஒன்று. ஒட்டுப்போட்டது ஏழு இடம்.
நடுக்கம்பம் இரண்டு. பக்கக்கம்பம் பதினாறு,
அதில் ஒன்று பழைய கட்டிலின் சட்டம்.
ஜெனரேற்றர். அதை இழுத்து எழுப்பும் கயிறு.
அது அறுந்தால் இன்னொரு கயிறு.
வாள் ஆறு, உறை ஒன்று.
இரும்பு முளை இருபத்துநான்கு,
கயிற்றுக்கு இரண்டாக.

வள்ளக்காரர் சிம்மாசனத்தைப் பார்த்து
"இதுக்கு ரிக்கற் இல்லையோ?" என்றார்.
எமில்டா ஏறி அதில் இருந்தாள்.
"ஆள் இருக்கிற கதிரைக்கு ஆளின்ர காசு மட்டும்தான்."
அப்படியே நெடுந்தீவு வரைக்கும் வந்தாள்,
அலை ஏற, அலை இறங்க,
அரசியைப்போல நிமிர்ந்து சத்தியெடுத்துக்கொண்டு.

முதல் முளை நாலு விரல் இறங்கியது.
பிறகு மண் இல்லை.
தீவு முழுக்க ஒரே கல்.
சம்மட்டி துள்ளித் திரும்பியது, முளை கொளுக்கியானது.
அலவாங்கு தேடி ஓடிய வசீகரன்
அலவாங்கோடு அதன் சொந்தக்காரரையும் கூட்டிவந்தான்.
அவர் நிலத்தைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தார்.
"இஞ்ச கிணறு வெட்டவே வெடி வைக்கிறது, பிள்ளை."

பிறகு கிடைத்ததிலெல்லாம் கட்டினோம்.
கல்மதிலில் மூன்று கயிறு
(மதிற்காரி இலவச ரிக்கற் கேட்டாள், நாலு).
பூவரசில் இரண்டு. சங்கக்கடைத் தூணில் ஒன்று.
சில்லுக்குக் கல் வைத்து லாண்ட்மாஸ்டரில் இரண்டு.
கல் நிரப்பிய உரச்சாக்குகளில் மூன்று.
"குதிரையிலும் கட்டலாம்" என்றான் வசீகரன்.
வெட்டையில் நின்ற குதிரை தலை தூக்கவில்லை.
பன்னிரண்டாவதுக்கு, தென்மேற்கு மூலையில்
ஒன்றுமில்லை. வெட்டை, பிறகு கடல்.
சோளகம் வருவதும் அந்த மூலையால்தான்.

அதை நான் பிடித்தேன்.
இடுப்பில் ஒரு சுற்று, கையில் இரண்டு,
குதி கல்லிடுக்கில்.

கப்பி கீச்சிட்டதில் திரை திறந்தது தெரிந்தது.
படங்கு மூச்சு வாங்க என்னை இழுத்தது, விடத் தளர்ந்தது.
சனம் சிரித்தபோதும் இழுத்ததுபோல இருந்தது.
அது காற்றுத்தான்.

நாடகத்தின் ஒவ்வொரு வரியும் எனக்குப் பாடம்.
ராசா சாகிறதை மட்டும் கண்டதில்லை.
எந்த ஊரிலும் அந்த நேரம்
ஜெனரேற்றருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பேன்.

இருட்டில் ஒருவர் குந்தியிருந்தார்,
ரிக்கற் எடுக்காமல்
படங்கின் அடிவிளிம்பால் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு.
"ராசாவுக்குச் செருப்பில்லையோ?"
துறையில் விட்டுவிட்டு வந்தோம் என்றேன்.
"தாரும்" என்று கயிற்றை வாங்கினார்.
கரைவலை இழுத்த கைகள். கயிறு அடங்கியது.
"போய்ப் பாரும். உம்மட நாடகமெல்லே."

பின்வரிசையில் நின்றேன்.
திரவியராசா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.
முன்வரிசையில் ஒருத்தி சேலைத்தலைப்பை வாயில் அடைத்தாள்.
நான் பார்த்தது அவருக்கு மேலே:
காட்டுத்திரையின் இடப்பக்க முடிச்சு
அரை விரல், அரை விரலாக நழுவியது.
ராசா சாக இன்னும் ஐந்து வரி.
முடிச்சு மூன்று தாங்கும்.
பக்கத்தால் கம்பத்தில் ஏறினேன்,
கயிற்றின் நுனியைப் பல்லில் கடித்தபடி.
இறுக்கிவிட்டுக் குனிந்தபோது கைதட்டல்.
எனக்குத் தெரிந்தது ராசாவின் உச்சி,
கிரீடம் ஆடாமலிருக்க
உள்ளே மடித்து வைத்த லேஞ்சி.

"செத்தாரோ?" என்று கேட்டார் கயிறு பிடித்தவர்.
"செத்திட்டார்."
"நல்லாச் செத்தாரோ?"
"சனம் அழுதது."
கயிற்றைக் கேட்டுக் கை நீட்டினேன். தரவில்லை.
"காத்து இன்னும் விழேல்லை. நீர் சாமானைக் கட்டும்."

விடிய, முதல் வள்ளத்துக்கு முன் எழுதினேன்:
முளை ஐந்து வளைவு, மிச்சம் பாவிக்கவில்லை.
செருப்பு ஒரு சோடி, துறையில் தேடவும்.
அலவாங்கு திருப்பிக் கொடுத்தாச்சு.
பன்னிரண்டாவது கயிறு கட்டியது எதில்?
பெயரைக் கேட்க மறந்திருந்தேன்.
"ஆள் ஒன்று" என்று போட்டேன்.

அடுத்தது அனலைதீவு.
அங்கேயும் கல்தானாம்.