கிழங்கான்

விரல் நீளம், மிஞ்சினால் ஒரு சாண்.
ஈர மணலின் நிறம், வயிறு மட்டும் வெள்ளி.
முதுகில் இரண்டு துடுப்பு, முன்னது விசிறி மாதிரி.
கூர்ந்த மூக்கு, சின்ன வாய்:
எதையோ சொல்லவந்து விழுங்கினவன் முகம்.

சதுரங்கப்பட்டினத்திலிருந்து ஐஸ் பெட்டியில்
விடியுமுன் வேலூர் வந்துவிடும்.
அந்தப் பக்கம்தான் பாலாறு கடலில் முடிகிறதாம்.
எங்கள் பாலத்தடியில் அது தொடங்கவே இல்லை.
மணல், சீமைக்கருவேல், நாலு எருமை.

வலை இழுபடுவது தெரிந்தால்
மூக்கால் குத்தி மணலுக்குள் போய்விடும் என்பான்
பெட்டி இறக்கும் தணிகாசலம்.
அப்படியென்றால் இங்கே வந்தவை
கொஞ்சம் தாமதித்தவை.

நேற்று காந்தி ரோட்டு லாட்ஜிலிருந்து ஒருவர்,
அக்குளில் ஆஸ்பத்திரி ஃபைல்.
தமிழ் இல்லை. மேதினிப்பூர் என்றார்.
வஞ்சிரத்தைத் தாண்டி, சங்கராவைத் தாண்டி
இதன்மேல் விரல் வைத்து
ஒரு பெயர் சொன்னார்.
கிழங்கான் என்றேன்.
தலையாட்டிவிட்டு
மறுபடி தன் பெயரையே சொன்னார்.

ரயிலில் ஒன்றரை நாள் தூரம்.
அவ்வளவு கரையிலும்
இதே மணல் போலிருக்கிறது,
இதே மூக்கு,
இதே ஒளிதல்.

கால் கிலோ.
செதில் சீவும் நேரம் முழுக்க
டோக்கன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
முள் எடுத்துத் தரவா என்று சைகை காட்டினேன்.
வேண்டாமாம்.
தானே எடுப்பதை விரலால் செய்து காட்டினார்:
ஒவ்வொன்றாய், இலையோரம் ஒதுக்கி,
பிறகு கையை நீட்டி
எதிரில் இல்லாத ஒரு வாய்க்கு.

கத்தி கொஞ்சம் நின்றது.
பின்னால் நெத்திலிக்கு நின்றவர்
சீக்கிரம்ப்பா என்றார்.