எழுபத்தெட்டாவது படம்

நூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்தான் ரோவல்.
குறையையும் காட்டு என்பது ஏலக்காரர்கள் சட்டம்:
கதவடியில் குன்றிமணி அளவு துரு,
பின்கண்ணாடி ஓரத்தில் கசிந்த பசை,
விளக்கை மூடும் இரண்டு இமைகளில்
இடது இமை அரை நொடி தாமதமாகத் திறப்பது.
அதன் மோட்டார் ஒரு ஹைலக்ஸின் ஜன்னலுடையது.
அதையும் எழுதினோம்.

அறுபத்தைந்தாம் வருடத்து பியூக் ரிவியேரா.
ஜஹ்ராவில் ஒட்டகக் கொட்டகை ஒன்றில்
தீவன மூட்டைக்குக் கட்டிலாகக் கிடந்தது.
ஷுவைக்கில் எங்கள் பட்டறைக்கு இழுத்து வந்தபோது
டிக்கிக்குள் பூனை, நான்கு குட்டி.
தகரம் ஷொஹிதுலுக்கு. வயர் எனக்கு.
வயரா அது?
எலி பாதி தின்று வைத்த இடியாப்பம்.

இரண்டு வருடம் நான்கு மாதம்.

விற்க மனமில்லை அபு தலாலுக்கு.
வண்டி அவர் தகப்பனாருடையது, அவரோ போய்விட்டார்.
மூன்று மகன், இரண்டு மகள்,
மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று,
ஆக எட்டுப் பங்கு.
பியூக்கை எட்டாக அறுக்க
ஷொஹிதுலிடம்கூடக் கத்தி இல்லை.

ஏலம் முடியும் இரவு ஆபீஸ் ரூமில்
ஏசி வாளிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது.
தங்கை மூதி போனில், ஸ்பீக்கர் போட்டு.
நாற்பத்தோராயிரத்து இருநூறு டாலர்.
எட்டால் வகுத்தார். உதட்டைப் பிதுக்கினார்.
நாற்பத்தெட்டாயிரம். வகுத்தார். டீ கேட்டார்.
கடைசி இரண்டு நிமிடத்தில் எவன் விலை ஏற்றினாலும்
கடிகாரம் மறுபடி இரண்டு நிமிடம் காட்டும்.
இப்படியே முப்பத்தெட்டு நிமிடம் ஓடியது
அந்த இரண்டு நிமிடம்.
டீயில் ஆடை படிந்தது.

ஐம்பத்தீராயிரத்து நானூறு.
பிறகு யாரும் அசையவில்லை.
"முடிந்ததா?" என்றாள் மூதி.
முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை.
எல்லாரும் வாளியைப் பார்த்தோம்.

எடுத்தவர் மினசோட்டாக்காரர்.
என்ஜினைப் பற்றி ஒரு கேள்வி இல்லை.
எழுபத்தெட்டாவது படத்தைக் கேட்டார்:
டாஷ்போர்டு அடியில், உலோகத்தில்,
வெள்ளை பெயின்டில் ஏதோ எழுத்து,
என்ன மொழி, என்ன சொல்கிறது?

அபு தலால் என் பக்கம் திரும்பினார்.
எனக்குக் காது சுட்டது.
மூன்று தரம் மாற்றி மாட்டி, மூன்று ஃபியூஸ் போன இரவில்
என்னை நானே திட்டி எழுதியது அது:

டேய் இருதயம்
பச்சை பிரேக்குக்கு
மறக்காதே

"முதல் வார்த்தை?"
என் பேர், என்றேன். இருதயராஜ். வீட்டில் இருதயம்.
"பேருக்கு என்ன அர்த்தம்?"
நெஞ்சில் கை வைத்துக் காட்டினேன். கல்பு.
அவர் அதை அரபியில் முணுமுணுத்துப் பார்த்தார்,
பிறகு ஒற்றை விரலால் ஆங்கிலத்தில் தட்டினார்:
ஓ இதயமே,
பச்சை என்பது நிற்பதற்கு.
மறவாதே.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது.
அழகு. அழிக்க வேண்டாம்.
எந்தக் கவிஞர்?

ரோவல் மேசையில் தலையை வைத்துச் சிரித்தான்.
மூதிக்கு விளங்க ஒருமுறை,
அவள் கணவருக்கு விளங்க இன்னொருமுறை சொல்லவேண்டியிருந்தது.
அபு தலாலும் சிரித்தார்,
கண்ணைத் துடைத்தார், அது சிரிப்பினால்தான் என்றார்.

எனக்குத்தான் தொண்டையில் முள்.
போன ரமலானில் அந்தப் பச்சையைப் பிடுங்கி
பழுப்பு வயர் போட்டிருந்தேன்.
எழுதியதை மாற்றவில்லை.
"பச்சை இல்லை, பழுப்பு, அவருக்குச் சொல்லுங்கள்."
"இப்போதா?" என்றார். "கவிதையைக் கெடுக்காதே."

வியாழக்கிழமை கன்டெய்னர்.
புதன் இரவு டார்ச்சைப் பல்லில் கடித்து
டாஷ்போர்டு அடியில் மல்லாந்து படுத்தேன்.
எழுத்தைத் தொடவில்லை, விற்றாயிற்று அது.
பழுப்பு வயரில் டேப் ஒன்று சுற்றி
இங்கிலீஷில், கொட்டை எழுத்தில்,
பிரேக்
என்று மட்டும் எழுதினேன்.