ஐம்பத்தாறாம் நாள்

ஆறாம் வாரமே வந்துவிட்டான் கவேசெரி.
ஒகாகரராவுக்கு அப்பாலிருந்து மூன்று மணி நேரம்,
பின்கதவைக் கம்பியால் கட்டிய வண்டியில்.
என்னோடு படித்தவன். தொப்பியைக் கழற்றாமல் சொன்னான்:
ஏழு குட்டி போச்சு, வெமுனா.
சிவிங்கி இப்போதெல்லாம் பகலிலேயே வருகிறது.
ஒரு நாயைக் கொடு.

இன்னும் பதினான்கு நாள், என்றேன்.

பதினான்கு நாள் என்பது
அவன் கணக்கில் எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.
இங்கே பள்ளிக் கட்டணம் ஆட்டுத் தோலுக்குள் இருக்கிறது.
என் அப்பாவும் அப்படித்தான் கட்டினார்.
ஒரு வருடம் கட்டவில்லை.

கண் திறந்தாயிற்று, சோளக்கஞ்சி நக்குகிறது,
இனித் தாய் எதற்கு, என்றான்.
என் ஆடுகளுக்கு நாட்காட்டி பார்க்கத் தெரியாது.

உள்ளே போய் உட்கார், என்றேன்.

எட்டுக் குட்டிகளும் அவன் பூட்ஸ் கயிற்றுக்கு வந்தன.
ஒன்று சுண்டுவிரலைக் கவ்வியது.
வேலமுள் மாதிரிப் பல்; ரத்தம் வந்தது.
இன்னொன்று அண்ணன் காதைக் கடிக்க
அண்ணன் வீலென்று கத்தி
விளையாட்டை விட்டே போய்விட்டான்.
கடித்தவன் தனியாக நின்றான்,
வாயில் ஒன்றுமில்லாமல்.

பார்த்தாயா. அந்த வீல்தான் பாடம்.
எவ்வளவு அழுத்தினால் விளையாட்டு,
எவ்வளவு அழுத்தினால் ஆள் போய்விடுவான் என்பது.
நான் கற்றுத்தர முடியாது, எனக்கு வால் இல்லை.
இன்றைக்குக் கொண்டுபோனால்
உன் வெள்ளாட்டுக் குட்டியின் காதில்தான் படிக்கும்.

அப்புறம் அவன் கேட்காததையும் சொன்னேன்:
பன்னிரண்டு வாரம் தாயோடே விட்டாலும் கெட்டது.
அதற்குள் நாய்க்குத் தான் நாய் என்பது
முழுதாகத் தெரிந்துபோகும்,
ஆட்டைச் சொந்தமென்று நம்பாது.
முந்திப் போனால் இன்னும் நாயாகவில்லை.
பிந்திப் போனால் வெறும் நாய்.
நடுவே ஒரு சந்து,
பக்கவாட்டில் திரும்பினால் ஒரு ஆள் நுழையலாம்.

விரலைச் சப்பிக்கொண்டே வண்டியேறினான்.

தாயின் பெயர் தெம்பெல்.
துருக்கியில் சோம்பேறி என்று அர்த்தமாம்.
ஏழாம் வாரம் நின்றுகொண்டே பால் கொடுத்தாள்.
எட்டாம் வாரம் நிற்கவும் இல்லை,
மூன்று பேர் மடியில் தொங்கத் தொங்க நடந்தாள்.
பிறகு தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஏறிப் படுத்து
தூரத்தில் என்னவோ இருப்பதுபோல் பார்த்தாள்.
கீழே எட்டு மூக்குகள்.
நாள் எண்ணியது நான் மட்டும் இல்லை.

ஐம்பத்தாறாம் நாள் காலை, அதே வண்டி.
எத்தனை என்று நான் கேட்கவில்லை.
பதினொன்று, என்றான்.
நான்கு அதிகம். அதில் ஒன்று சினை.
அந்த நான்கை எழுத
என் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

நான் சொல்லியிருக்கவில்லை, அவனே
ஒரு சாக்கைக் கொண்டுவந்திருந்தான்,
அந்தச் சினையாடு படுத்துக் கிடந்த சாக்கு.
மூத்திரமும் கிடாய் வாடையுமாக அதில் சுற்றி
மடியில் வைத்துக்கொண்டான்.
குட்டி ஒருமுறை தும்மியது.
தெம்பெல் வண்டியின் டயரை முகர்ந்தாள்,
திரும்பிப்போய்ப் படுத்தாள்.

தடுப்பூசி போட அடுத்த மாதம் போனேன்.
பட்டியின் முள்வேலிக்குள், ஆடுகளின் கால்களுக்கிடையில்,
புழுதியின் நிறத்தில் நின்றது.
என்னைத் தெரிந்தது. தெரிந்தும்
அந்நியளைப் பார்த்ததுபோல் குரைத்தது.
கவேசெரி மன்னிப்புக் கேட்கப்போனான்.
வேண்டாம், இதற்குத்தான், என்றேன்.
அந்த மாதம் ஒரு குட்டியும் போகவில்லையாம்.
அதைச் சொல்லும்போதும் தொப்பியைக் கழற்றவில்லை.

எட்டில் ஒன்று மிச்சம்.
கேட்டிருந்தவர் ஆடுகளை விற்றுவிட்டு
விண்ட்ஹுக்குக்குப் போய்விட்டார்.
தொலைபேசியில் அழைத்தபடியே பத்து வாரம், பதினொன்று,
இப்போது பதினான்கு.
ஆட்டைக் கண்டால் என் பின்னால் ஒளிகிறான்.
தாயிடம் போனால் உறுமல்.
என் கட்டிலுக்கடியில்தான் படுக்கை.

இரவில் இறங்கும்போது
குதிகாலைக் கவ்விக்கொள்கிறான்.
வலிக்கவில்லை.
அதை மட்டும் நன்றாகப் படித்திருக்கிறான்.