ஈரக்கழிவு

களியல் ஜங்ஷனில்
பாஸ்கரதாஸ் முதலாளி கடையின் பலகையில்
தினமும் பதினொன்றரைக்கு
நான்தான் விலை எழுதுகிறேன்.
சாக்பீஸ் என்னுடையது.
எண் என்னுடையதல்ல.
கோட்டயத்திலிருந்து போனில் வரும்.
கோட்டயத்துக்கு எங்கிருந்து வருமென்று
முதலாளி கேட்டதில்லை, நானும்.

ஷீட்டின் வாடை என்னோடு வீட்டுக்கும் வரும்.
எந்தச் சோப்புக்கும் கட்டுப்படாது.
கல்யாணமான புதிதில் ஷீபா
முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் படுப்பாள்.
பிறகு பழகிவிட்டது,
அல்லது சொல்வதை நிறுத்திவிட்டாள்.

றெத்தினபாய் சனிக்கிழமைதான் வருவாள்.
கடையாலுமூட்டுக்கு மேலே
இன்னொருவர் விளையில் இருநூற்றிப் பத்து மரம்,
பாதிக்குப் பாதி.
விடிய மூன்றரைக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு
சரிவில் ஏறுவாள்.
கத்தி ஆழமாய்ப் போனால் மரம் பட்டுப்போகும்.
மேலோடு போனால் சிரட்டை காய்ந்து கிடக்கும்.
இரண்டுக்கும் நடுவில் ஒரு நூல் இடம்.
அந்த நூலில்தான்
மகளின் நர்சிங் பீஸ்,
செவ்வாய்தோறும் குழுக்கடன்,
கீழே ஏலாவில் பாட்டத்துக்கு எடுத்து
காற்றில் ஒடிந்த அறுபது வாழை.

அன்றைக்கு நான் எழுதியதை அழித்துவிட்டு
மறுபடி எழுதினேன்.
நேற்றைவிடப் பதினொரு ரூபாய் கூடுதல்.
சுமையிறக்கும் அஜின் போனைப் பார்த்துச் சொன்னான்,
"சுமத்திரால மரத்துக்கெல்லாம் இல உதிருதாம்.
ஏதோ நோயாக்கும். அங்க பாலு இல்ல.
அதான் நமக்கு வெல கேறிச்சி."

றெத்தினபாய் தலைச்சுமையை இறக்காமலே கேட்டாள்,
"அது எங்க கெடக்கு?"
கடலுக்கு அந்தப் பக்கம் என்று
கிழக்கே கை காட்டினேன்.
கிழக்கே தெரிந்தது
சர்ச் மதிலும் ஒரு கேஸ் சிலிண்டர் ஆட்டோவும்.

"அங்கேயும் பொம்பளைகள் வெட்டுமா?"

அஜின் ஒரு படத்தைத் தேடி எடுத்தான்.
தலையில் துணி சுற்றிய ஒருத்தி,
நெற்றியில் லைட்,
இடுப்பில் வாளி,
பின்னால் இலையில்லாத வரிசைகள்.
றெத்தினபாய் முகத்தைப் பார்க்கவில்லை.
மரத்தைத்தான் பார்த்தாள்.
விரலால் படத்தைப் பெரிதாக்கச் சொன்னாள்.

"கத்தி வேற மாதிரி இருக்கு.
வெட்டு நம்ம வெட்டுதான்."
கொஞ்ச நேரம் கழித்து,
"ஆழமா வெட்டியிருக்கா பாரு.
கடன் உள்ளவளாக்கும்."

பதினாலு கிலோ அறுநூறு.
ஈரக்கழிவு அறுநூறு கிராம்.
வெளிச்சத்துக்கு எதிரே ஷீட்டைப் பிடித்துப் பார்த்தேன்.
கண்ணாடிபோல் இருந்தது, ஒரு வெள்ளைப்புள்ளி இல்லை.
இருந்தும் அறுநூறு என்றே எழுதினேன்.
முதலாளி கடையில் கழிவு
காய்ந்த ஷீட்டுக்கும் உண்டு.
பணத்தை எண்ணி, மடித்து,
எதிர்க்கடையில் சாளை வாங்கிக்கொண்டு போனாள்.
அரைக் கிலோ வாங்குகிறவள், ஒரு கிலோ.

ஐப்பசியில் மழை பிடித்தது.
ஒன்பது நாள் ஒரு மரத்திலும் கத்தி படவில்லை.
சிரட்டைகளில் தண்ணீர், தண்ணீரில் கொசுக்குஞ்சு.
விளையெல்லாம் இலை உதிர்ந்து
நடந்தால் காலடியில் சதசதவென்றது.
பலகையில் எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது.
விற்க யாரிடமும் ஷீட் இல்லை.
வரைந்த படம்போல அதை
நானே நின்று பார்த்தேன்.

சனிக்கிழமை அவள்
அரைச்சாக்கு ஒட்டுப்பாலோடு வந்தாள்.
மண்ணும் பட்டையும் கலந்த நாற்றம்.
பலகையை வாசித்தாள்.
வாய்க்குள் ஏதோ கணக்குப் போட்டாள்.

"அங்க இல தளிர்த்திருக்குமா?"

தெரியாது என்றேன்.

"தளிர்த்திருந்தா
இந்த வாரம் அவளுக்குக் கொஞ்சம் கிட்டும்"
என்று சொல்லிவிட்டு
சாக்கைத் தராசில் ஏற்றினாள்.
முள் ஆடி நிற்கும்வரை
இரண்டு பேரும் பேசவில்லை.

ஒட்டுப்பாலுக்குக் கழிவு நூற்றுக்குப் பத்து.
எட்டு என்று எழுதினேன்.

சாயங்காலம் நோட்டைப் புரட்டிய முதலாளி
அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு
என்னைப் பார்த்தார்.

மழையில்லியா, என்றேன்.