நண்டுக்கு விட்ட இடம்

பாசையூர் முன்பள்ளியின் தெற்குச் சுவர்,
பதினெட்டடி நீளம், ஆறரையடி உயரம்.
மூன்று கதை,
ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி நீதி
என்று கொப்பித் தாளில் எழுதித் தந்தா றெஜினா ரீச்சர்.
எழுத்துக்குத் தனிக் கூலி கேட்டேன்.
ஓமெண்டா.

முதல்நாள் ஆமை.
இரண்டு அன்னங்கள் தூக்கிய தடியைக் கவ்விக்கொண்டு
இறங்குதுறைக்கு மேலாக,
கோயில் மணிக்கோபுரத்துக்கும் மேலாக.
‘வாயைத் திறந்தால் விழுவாய்.’
அந்த வரியில் தூரிகை தடக்கவே இல்லை,
முப்பது வருசம் ஊர் பழகின பாடம்.
வாய் திறவாமலே விழுந்தவர்களும் உண்டு.
அவர்களுக்கு ரீச்சரின் தாளில் இடமில்லை.

இரண்டாம்நாள் குரங்கும் முதலையும்.
நடு ஆற்றில், முதலையின் முதுகிலிருந்து,
‘ஈரலை மரத்தில மறந்து வச்சிட்டு வந்திட்டன்’
என்கிறது குரங்கு.
பாரிசிலிருந்து லீவில் வந்த மச்சாள்
சைக்கிளை நிறுத்திப் பார்த்தாள்.
‘உது பொய் சொல்லேல்ல, உண்மையைத்தான் சொல்லுது’ என்றாள்.
சிரிக்கவில்லை.

மூன்றாம்நாள் கொக்கு.
குளம் வத்தப்போகுது மீன்காள்,
மலைக்கு அங்கால பெரிய குளம் கிடக்கு,
ஒவ்வொருத்தராய்க் காவிக்கொண்டு போய் விடுறன்.
ஒற்றைக்காலும் வளைந்த கழுத்தும் கீறியாயிற்று.
கண் வைக்கப்போன நேரம்தான்
வாசலில் சாத்தியிருந்த கல்லை வாசித்தேன்:
‘அன்பளிப்பு: கபிரியேல்பிள்ளை அருளப்பு, ரொறன்ரோ.’

அருளப்பு அண்ணை.
தொண்ணூற்றேழில், கொழும்பு லொட்ஜில்,
மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டோடு இருந்தவர்.
ஏழு லட்சத்துக்கு என் தம்பி யூட்டைக் காவிக்கொண்டு போனவர்.
அம்மாவின் தாலிக்கொடி,
ஐயாவின் வள்ளம், இன்ஜின் தனியாக.
மொஸ்கோவிலிருந்து ஒரு கடிதம் வந்தது,
பனியைப் பற்றி, பாணைப் பற்றி.
பிறகு எல்லைக் காடொன்றில் என்று யாரோ சொன்னார்கள்.
கதையிலென்றாலும் பாறையில் முள்ளுக் கிடந்தது.

தூரிகையைக் கழுவினேன்.
கழுவினதைத் திரும்பவும் கழுவினேன்.
கொக்குக்குத் தங்கப் பிறேம் போட்ட கண்ணாடி கீறினேன்,
இடது செட்டையில் மணிக்கூடு.
‘கொக்குக்கு ஏன் மணிக்கூடு?’
‘பிளேனுக்கு நேரம் பாக்க, ரீச்சர்.’

இனி நண்டு.
பார்த்துக் கீறுவமென்று நண்டுக் கொம்பனிக்குப் போனேன்.
சிங்கப்பூர் போகிற பெட்டிகளில்
அடுக்கடுக்காய், உயிரோடு,
கொடுக்குகள் நைலோன் கயிற்றில் இறுகிக் கிடந்தன.
கட்டிக்கொண்டிருந்த பெட்டை சொன்னாள்:
‘கட்டாட்டி ஒண்டையொண்டு வெட்டிப்போடும் அண்ணை.’
கொக்கின் கழுத்தைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லவில்லை.
வெறுங்கையோடு திரும்பினேன்.

திறப்புவிழாவுக்கு அவரே வந்தார்.
கையில் ஊன்றுதடி. அதே மடிப்புச் சேட்.
நாடா வெட்டி, றோல்ஸ் கடித்து, சுவரடிக்கு வந்து
கொக்கின் கண்ணாடியை விரலால் தொட்டார்.
பெயின்ற் காய்ந்திருந்தது.
‘நண்டு எங்க தம்பி?’
‘இடம் விட்டிருக்கிறன்.’
‘நீர் ஆர்ற்ற?’
‘யூட்டின்ர தமையன்.’

சனம் பிளாஸ்ரிக் கதிரைகளை அடுக்கத் தொடங்கியிருந்தது.
அவர் போகவில்லை.
‘முந்நூற்றி நாப்பது பேர்’ என்றார் சுவரைப் பார்த்து,
‘வீடு வளவோட இருக்கிறாங்கள்.
மூண்டு பேர்தான்.’
மூன்று விரலை நிமிர்த்தி
நடுவிரலைப் பிடித்துக்கொண்டார்.
‘யூட் ரெண்டாவது.’

அடுத்தநாள் நண்டைக் கீறினேன்.
ஒரு கொடுக்கில் கயிறு,
மற்றதில் அவிழ்ந்து தொங்கும் நுனி.
கழுத்துக்கும் அதற்கும் இடையில் நாலு விரல் இடைவெளி,
அதற்குமேல் கிட்டக் கொண்டுபோக
கை வரவில்லை.

‘நீதி எழுதேல்லையே?’ என்றா ரீச்சர்,
தாளை விரித்துப் பிடித்தபடி.
இரண்டு வரிக்குத்தான்
கூலி வாங்கினேன்.