ஒன்பது நொடி

கிரெனோபிளில் இரவு இரண்டு மணி.
கூடத்தில் நானும் பம்புகளின் இரைச்சலும்.
என் பாத்திரத்துக்கு மூடி கிடையாது.
உள்ளே விட்ட நியூட்ரான்கள்
ஓடுகிற பையனைவிட மெதுவானவை;
விளிம்பு வரை எழும்பத் தெம்பில்லாமல்
சுவரில் முட்டி முட்டித் திரும்புகின்றன.
நிரப்புகிறேன். காத்திருக்கிறேன். திறக்கிறேன்.
மிச்சம் எத்தனை என்று எண்ணுகிறேன்.
காசாளர் வேலைதானே என்கிறான் தம்பி ரெமி.
பெட்டியில் பூட்டிய காசு
தானாக வேறு காசாக மாறுமா, ரெமி?

கருவுக்குள் இருந்தவரை
இவற்றுக்கு வயதே ஏறவில்லை.
அங்கே புரோட்டான்கள்,
ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காதவை,
நெருக்கியடித்துக் குடியிருக்கின்றன.
எந்தப் பக்கமும் சேராமல்
நடுவில் வந்து உட்காரும் நியூட்ரான்.
அதற்கு மின்னூட்டம் இல்லை. பிடி உண்டு.
அந்தப் பிடியில்தான் இரும்பு இரும்பாக நிற்கிறது.
பதிலுக்கு அதுவும் பிழைத்துக் கிடக்கிறது:
உருமாற நினைத்தாலும்
அங்கே இன்னொரு புரோட்டானுக்கு இடம் மலிவில்லை.

வெளியே இழுத்துவிட்டால்
சராசரியாகக் கால் மணி நேரம்.
புரோட்டானைவிட அதற்குக் கனம் கூடுதல்,
இரண்டரை எலெக்ட்ரான் அளவு.
ஏதோ ஒரு கணத்தில் சுமையைக் கொட்டிவிடும்:
இங்கே ஒரு புரோட்டான்,
அதோ ஓடுகிறது ஓர் எலெக்ட்ரான்,
மூன்றாவது ஒன்று
பேர் சொல்லி முடிப்பதற்குள்
மலையைத் துளைத்து மறுபக்கம் போயிருக்கும்.
எலெக்ட்ரான் முதலிலேயே உள்ளே ஒளிந்திருந்ததா என்றான் ரெமி.
உன் தும்மல் உன் மூக்குக்குள் ஒளிந்திருந்ததா?

போன ஞாயிறு
கிரெனெத் சதுக்கத்துக் காபி மேசையில்
ஒரு வால்நட்டை வைத்துக் காட்டினேன். இது கரு.
எலெக்ட்ரான் எங்கே?
ஆற்றுக்கு அப்பால் கோட்டைக் குன்றுக்குக்
கம்பியில் ஏறும் கண்ணாடிக் குமிழ்களைக் கை நீட்டினேன்.
அந்தக் குமிழா, முன்னால் போவதா?
எந்தக் குமிழும் இல்லை.
அந்தத் தூரம் வரை,
இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம்,
டிசம்பர் மூடுபனி மாதிரி.
இடையில்?
இடையில் வேறொன்றுமில்லை.
ரெமி காபியை ஊதிக் குடித்தான்.
கருவை உடைத்துத் தின்றான்.

மேரிலாந்தில் வெண்டல் வேறு விதமாக எண்ணுகிறான்.
அவனிடம் இருப்பது ஓடும் கற்றை.
கடந்து போகிற வழியில் பிறக்கும்
புரோட்டான்களைப் பிடிக்கிறான்.
நான் தங்கியவற்றை, அவன் பிறந்தவற்றை.
விடை ஒன்றாக வர வேண்டும்.
வரவில்லை.
அவன் சொல்லும் ஆயுள்
நான் சொல்வதைவிட ஒன்பது நொடி நீளம்.

"உன் பாத்திரம் ஒழுகுது, ஒடில்."
"பிறந்த பிள்ளைகளையெல்லாம் நீதான் கோட்டை விடுற."
ஏழு வருடச் சண்டை இது.
நேரில் பார்த்துக்கொண்டதில்லை.
வளையங்களை மாற்றினேன், சுவர்ப் பூச்சை மாற்றினேன்;
அவன் காந்தத்தைப் பிரித்துப் போட்டுக் கோத்தான்.
ஒன்பது அசையவில்லை.

இன்று அவனே அழைத்தான்.
பணம் இல்லையாம். கற்றையை நிறுத்துகிறார்கள்,
எப்போது வரை என்று யாரும் சொல்லவில்லையாம்.
"நீ எண்ணிக்கிட்டே இரு" என்றான்.
அதற்கு மேல் அவனும் பேசவில்லை,
நானும் பேசவில்லை.
பழக்க தோஷம், கடிகாரத்தைப் பார்த்தேன்.
பதினொரு நொடி.
அவனிடம் சொல்லவில்லை.

போனை வைத்தபோது
வால்வு திறக்கும் நேரம் தாண்டிப் போயிருந்தது.
அந்தச் சுற்று வீண்.
ஏட்டில் கோடு போட்டு அடித்துவிட்டு
மறுபடி நிரப்பினேன்.